குடலைக் கெடுத்தது தாய்ப்பால் அல்ல

"தாய்ப்பாலக் குடுத்துத்தான் புள்ளையோட கொடல் அழுகிப்போச்சாம்." இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதோ தெரியவில்லை. பசறை பஸ்ஸில் கேட்டாயிற்று. ஹாலிஎலவில் கிளினிக் வாங்கில் கேட்டாயிற்று. மடூல்சீமைப் பக்கம் ஒரு சடங்கு வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆசிரியையே இதைச் சொன்னார். சொல்கிறவரைப் பொறுத்து ஊர் மாறும். ஒருவர் ஸ்பிரிங்வெலி என்பார், இன்னொருவர் நமுனுகுலை என்பார். பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் மாறும். மாறாதது குற்றவாளி மட்டும்தான்: பெற்றவளின் பால்.

அதற்குக் காரணமும் ஆளாளுக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். அவளுக்குச் சூட்டு உடம்பாம், வெயிலில் மலையேறிக் கொழுந்து பறித்ததில் பால் காய்ந்து கெட்டுவிட்டதாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுத்ததால் பிள்ளையின் வயிற்றில் அது புளித்துவிட்டதாம். முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. அடுத்த வீட்டில் சின்னப் பிள்ளை பிறந்தால் சீனித்தண்ணி கொடு, டின் பால் கரைத்துக் கொடு, தாய்ப்பாலைப் பிறகு பார்க்கலாம். குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் வேலை பார்த்த எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆபத்தைக் கூட்டும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஊட்டச் சொல்லும் வதந்தி இது.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்புகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 32 வாரத்தில், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான எடையில் ஒரு பிள்ளை பிறக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். முதலில் சேலைன், பிறகு மூக்குவழி டியூபில் சொட்டுச் சொட்டாகப் பால். ஒரு வாரமோ இரண்டு வாரமோ நன்றாகத்தான் போகிறது. திடீரென்று ஒருநாள் வயிறு ஊதிப் பளபளக்கிறது, பச்சையாகக் கக்குகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது. எக்ஸ்ரே எடுத்தால் குடலின் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள். வார்டில் இதை 'நெக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். குடலின் உட்சுவர் அழன்று, சில பிள்ளைகளில் திசு செத்து ஓட்டை விழும் நோய். சிலருக்கு மருந்தோடு தீரும், சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலர் தப்புவதில்லை. வெளியே நிற்கும் பாட்டிக்கும் மாமியாருக்கும் தெரிவதெல்லாம் இரண்டே விஷயம். பால் கொடுத்தார்கள், வயிறு கெட்டது. ஆகவே பால்தான் கெடுத்தது என்று முடிவு கட்டுகிறார்கள்.

இந்த நோய் பெரும்பாலும் பால் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரியும் என்பது உண்மை. ஆனால் நோய்க்கான அடித்தளம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, தாயின் வயிற்றுக்குள் போடப்பட்டுவிடுகிறது. லயத்துத் திண்ணைப் பேச்சில் ஒருநாளும் வராத பகுதி இதுதான்.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். பிள்ளையின் இதயம் தொப்புள்கொடியிலுள்ள இரண்டு நாடிகள் வழியே இரத்தத்தை நஞ்சுக்கொடிக்குத் தள்ளுகிறது. அங்கே தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனையும் சத்தையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாளம் வழியாக அது திரும்புகிறது. நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால் இந்த ஓட்டத்துக்குத் தடையில்லை. பிள்ளையின் இதயம் சுருங்கும்போதும் இரத்தம் போகும், இளகும்போதும் போகும். தாய்க்குப் பிரஷர் கூடினாலோ, வேறு காரணங்களாலோ நஞ்சுக்கொடியின் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டால், தள்ளுவதற்குக் கஷ்டமாகிறது. முதலில் இதயம் இளகும் நேரத்து ஓட்டம் குறையும். பிறகு அந்த நேரத்தில் ஓட்டமே நின்றுபோகும். இன்னும் மோசமானால் இரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்கத்தான் டொப்ளர் ஸ்கேன். தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தை இந்த முறையில் அளக்கலாம் என்று டப்ளின் நகரத்தில் 1977ஆம் ஆண்டே காட்டிவிட்டார்கள்.

வருகிற இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் பிள்ளையின் உடம்பு ஒரு முடிவெடுக்கிறது. வரட்சிக் காலத்தில் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கி வற்றும்போது யாருக்குத் தண்ணீர் போகும், யாருடைய பீலி காயும் என்று நமக்குத் தெரியும். பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் குழாய் ஓடும், கடைசி லயத்துப் பீலி காற்றைத்தான் கக்கும். பிள்ளையின் உடம்பிலும் மூளை, இதயம், சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி ஆகியவற்றுக்குத்தான் முதல் பங்கு. அவற்றின் குழாய்கள் விரியும். தோல், தசை, சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் குழாய்கள் சுருங்கும். பிள்ளை உயிரோடு பிறப்பதற்கு இந்த ஏற்பாடு அவசியம். ஆனால் வாரக்கணக்கில் அரை வயிற்று இரத்தத்தோடு கிடந்த குடல், பிறந்த மறுநாளே தொழிலுக்குத் தயாராகிவிடுமா?

ஆகாது. அந்தக் குடலின் சுவர் மெலிந்திருக்கும், அசைவு மந்தமாயிருக்கும். பிறந்ததும் போக வேண்டிய கருமலம் கெட்டியாகித் தாமதமாகும். வயிறு சும்மாவே கொஞ்சம் உப்பலாக இருக்கும். டியூபை இழுத்துப் பார்த்தால் முன்பு கொடுத்த பாலில் மிச்சம் இருக்கும். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடியில் பிறந்த முதல் நாட்களில் ஓட்டம் குறைவாக இருப்பதையும், போகப்போக அது தேறி வருவதையும் ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். இத்தோடு குறைமாதமும் சேர்ந்தால் கிருமிகளைத் தடுக்கும் வலுவும் குறைவு. தொப்புள்கொடி இரத்த ஓட்டம் நின்றுபோன அல்லது திரும்பி ஓடிய பிள்ளைகளுக்கு 'நெக்' வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இந்த ஆபத்து, தாய் முதல் சொட்டுப் பாலைப் பீய்ச்சுவதற்கு முன்பே பிள்ளையோடு கூடப் பிறந்தது.

அப்படிப்பட்ட குடலுக்கு எந்தப் பால்?

1990இல் பிரித்தானியாவில் 926 குறைமாதப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களை விட, புட்டிப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு இந்தக் குடல் நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. திரும்பவும் சொல்கிறேன், புட்டிப்பால் குடித்தவர்களுக்குத்தான் அதிகம். 'தாய்ப்பால் வேண்டாம், டின் பால் குடு' என்று யோசனை சொல்கிற அக்காமார் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். தாய்ப்பாலில் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புப் புரதம் உண்டு, குடல் வளர உதவும் பொருட்கள் உண்டு, நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் சர்க்கரைகள் உண்டு. நீங்கள் புளித்துவிடும் என்று கீழே கொட்டச் சொல்லும் சீம்பாலில்தான் அந்த எதிர்ப்புப் புரதம் மிக அதிகம். வெயிலில் நின்றால் பால் வேகாது. உடம்பின் சூடு மலையிலும் 37 பாகைதான், மன்னாரிலும் 37 பாகைதான்.

சரி, தாய்ப்பாலே ஆனாலும் கொஞ்ச நாள் குடலைச் சும்மா விட்டு வைத்தால் நல்லதில்லையா? இது நியாயமான கேள்வி. பாட்டிமார் மட்டுமல்ல, டொக்டர்மாரும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அதைச் சோதிக்கத்தான் 'அடெப்ட்' என்ற ஆய்வு நடந்தது, முடிவு 2012இல் வந்தது. 35 வாரத்துக்கு முன் பிறந்த, எடை குறைந்த, வயிற்றிலிருக்கும்போதே டொப்ளரில் கோளாறு தெரிந்த 404 பிள்ளைகள். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பிள்ளைகள்தான். பாதிப் பேருக்கு இரண்டாம் நாளில் பால், மறுபாதிக்கு ஆறாம் நாளில். முந்தித் தொடங்கியவர்கள் 18 நாளில் முழுப் பாலுக்கு வந்தார்கள், பிந்தியவர்களுக்கு 21 நாள் ஆனது. குடல் நோயில் இரு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பட்டினி போட்டதால் எந்தக் குடலும் காப்பாற்றப்படவில்லை. சேலைனில் மூன்று நாள் கூடுதலாகக் கிடந்ததுதான் மிச்சம். பால் படாத குடல் ஓய்வெடுப்பதில்லை, அதன் உட்பூச்சு இன்னும் மெலிகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அதே ஆய்வில் 29 வாரத்துக்கும் முன் பிறந்த மிகச் சிறிய பிள்ளைகள் பாலை ஏற்க மிகவும் சிரமப்பட்டார்கள். அவர்களில் 100க்கு 39 பேருக்குக் குடல் நோய் வந்தது. மற்றவர்களுக்கு 100க்கு 10தான். அதனால் அவர்களுக்குப் பாலைக் கூட்டும் வேகத்தில் தனிக் கவனம் வேண்டும். எவ்வளவு, எப்போது என்பது டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எடுக்கும் முடிவு. அதில் மாமியாருக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை.

அந்த முதல் பால் எவ்வளவு என்று தெரிந்தால் இந்தப் பயமே பாதி குறைந்துவிடும். ஒரு கிலோப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு நாள் முழுவதற்கும் 10 முதல் 20 மில்லிலீட்டர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு தடவைக்கு ஒரு மில்லி, ஒன்றரை மில்லி. தாய் கட்டிலில் சாய்ந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவளையத்துக்குப் பின்னால் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்கிறாள். சற்று நேரம் ஒன்றும் வராது. பிறகு முலைக்காம்பின் நுனியில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒரு துளி. ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சால் அதை அப்படியே உறிஞ்சி எடுப்போம். இன்னொரு துளி. கால் மில்லி சேர்ந்தாலும் போதும், பிள்ளையின் கன்னத்தின் உட்பக்கத்தில் பூசலாம். "மிஸ், இவ்வளவுதானா வருது, எனக்குப் பாலே இல்ல போல" என்று அவள் கலங்குவாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவையும் அவ்வளவுதான் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். இரவு பகலாக எட்டுத் தடவையாவது பீய்ச்சினால்தான் பால் பெருகும். இரவில் பீய்ச்சாமல் தூங்கிவிட்டு, மூன்றாம் நாள் பால் இல்லை என்றால் என்ன செய்ய?

இங்கே ஆஸ்பத்திரிக்காரர்களையும் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தாயை வீட்டுக்கு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. அவள் லுணுகலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு டிவிஷனில் இருப்பாள். ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியால நடை. பீய்ச்சிய பாலைக் குளிர்ச்சியாக எதில் கொண்டுவருவாள், எந்த பஸ்ஸில் கொண்டுவருவாள்? பிறகு "தாய் பால் கொண்டு வரல, அதான் டின் பால் குடுத்தோம்" என்று எழுதி வைப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வயிறு ஊதினால் ஊருக்குப் போகும் செய்தியில் எந்தப் பால் என்ற விவரம் இருக்காது. 'பால் குடுத்தாங்க, கொடல் போச்சு.' அது தாய்ப்பாலாக மாறிவிட ஹாலிஎலவிலிருந்து தெமோதரை வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. தாய் தங்குவதற்கு ஒரு கட்டிலும் பீய்ச்சுவதற்கு மறைவான ஒரு மூலையும் கொடுக்க முடியாத வார்டுக்கு, தாய்ப்பால் வாரத்துக்குச் சுவரொட்டி ஒட்டும் தகுதி ஏது?

மற்றக் கதைகளுக்கு இத்தனை மூச்சைச் செலவழிக்கத் தேவையில்லை.

'தோட்டத்துப் புள்ள சிறுசாத்தான் பொறக்கும், அது நம்ம பரம்பரை.' 2006–07ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் தோட்டப்புறத்தில் 100க்கு 31 பிள்ளைகள் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தார்கள். நாடு முழுவதும் சேர்த்தால் 17தான். இந்த இடைவெளிக்குப் பெயர் பரம்பரை அல்ல. தாயின் இரத்தச்சோகை, பசி, உழைப்பு. உண்மையிலேயே சிறிய உடல்வாகுள்ள பிள்ளைக்கு நஞ்சுக்கொடி நன்றாகவே வேலை செய்யும், டொப்ளரும் சரியாக இருக்கும். பசியில் சிறுத்த பிள்ளையையும் இயல்பில் சிறுத்த பிள்ளையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் மிட்வைஃப் ஒவ்வொரு தடவையும் நாடாவை எடுத்து வயிற்றை அளக்கிறார். அளவு ஏறவில்லை என்றால் ஸ்கேனுக்கு அனுப்புகிறார். அனுப்பினால் போங்கள். ஒருநாள் பேர் போய்விடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

'ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது.' அது ஒலி, எக்ஸ்ரே அல்ல. ஆபத்துள்ள கர்ப்பங்களில் டொப்ளர் பார்ப்பதால் பிள்ளை இறப்பு 100க்கு 29 பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

'கொறச்சு சாப்பிட்டா புள்ள சின்னதாகி லேசாப் பொறக்கும்.' இதைச் சொல்லும் பெரிய மனுஷிகளிடம் மட்டும் நான் மரியாதை பார்ப்பதில்லை. லேசாகப் பிறந்த பிள்ளை பிறகு எங்கே கிடக்கிறது என்பதை மேலே பார்த்தோம். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் திரிபோஷாவைக் குடும்பம் முழுவதும் உருண்டை பிடித்துச் சாப்பிடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்குவதும் அப்படியே. சாயம் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது.

'கண்ணாடிப் பெட்டிச் சூடு கொடல வத்த வைக்கும்.' வற்றவைக்காது. குளிர்ந்த பிள்ளைதான் குடலுக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துக்கொள்ளும். பண்டாரவளை, ஹப்புத்தளைக் குளிரில் இது சின்ன விஷயமல்ல. வீட்டுக்கு வந்த பிறகு தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து வைப்பதும் அதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்த சின்னப் பிள்ளை பச்சையாகக் கக்கினால், வயிறு இறுகி ஊதினால், மலத்தில் இரத்தம் கண்டால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், அது சளியும் அல்ல, கண்ணூறும் அல்ல. கிரைப் வாட்டர், வசம்பு, வயிற்றில் எண்ணெய், திருநீறு என்று அரைநாளைப் போக்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் வரும், காசில்லை. வண்டி ஏறாத டிவிஷன் என்றால் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடைசியாக, என்னைத் தெரிந்தவர்கள் 'ஆரம்பிச்சிட்டா' என்று சிரிக்கும் விஷயம்: வெற்றிலைக்குள் வைக்கும் புகையிலை. சிகரெட் பிடிக்கும் பெண்ணைக் கண்டால் வாயில் கைவைக்கும் நம் ஆட்கள், ஏழு மாதக் கர்ப்பிணி மலையில் நின்றுகொண்டு புகையிலைத் துண்டை அடக்கிக்கொள்வதைப் பார்த்தும் பேசாமல் போகிறார்கள். பசிக்காமல் இருக்கும், குளிர் தெரியாது, பல்வலிக்கு நல்லது என்று அதற்கு மூன்று சான்றிதழ்கள் வேறு. அதிலும் இருப்பது நிக்கொட்டின்தான். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். மேலே நான் இவ்வளவு நேரம் பேசிய நஞ்சுக்கொடி இருக்கிறதே, அதன் குழாய்களும் அதில் அடக்கம். மும்பையில் 1,217 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், புகையிலை மென்றவர்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் குறைந்து பிறந்திருந்தார்கள். சராசரிக் குழந்தைக்கு 105 கிராம் பெரிதில்லை என்று நினைக்கலாம். ஏற்கனவே ஒன்றரைக் கிலோவுக்குத் திண்டாடும் பிள்ளைக்கு அது பெரிய பங்கு.

கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறார்கள், இரத்தம் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள். "புகையிலை போடுறீங்களா அக்கா?" என்று வெளிப்படையாகக் கேட்டுக் கர்ப்பிணி அட்டையில் எழுதுவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெற்றிலை போடுகிறீர்களா என்று கேட்டால் போதாது, புகையிலை என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூட வந்திருக்கும் மாமியாரையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் புகையிலைப் பை அவர் இடுப்பில்தான் இருக்கும்.